ஆர்னி பைப் மாட்டிய குளிர்காலம்

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வண்டியை ஆண்பிள்ளை ஒருவனால் கை வைக்காமல் ஒரு குளிர்காலம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்பது, முப்பது வருஷக் கல்யாண வாழ்க்கையில் வெர்னா ஹார்யுவுக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் அந்த வருஷம் கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு கணவன் ஆர்னி ஒரு நீளமான அட்டைப்பெட்டியை வீட்டுக்குள் இழுத்துவந்து, சாப்பாட்டு மேஜைமேல் வைத்துப் பிரித்தபோது, அது தன் இருக்கைக்கே உலை வைக்கப்போகிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அன்றைக்கே பெட்டியோடு அதைக் கொல்லைப் பனியில் புதைத்திருப்பாள்.

உள்ளே இருந்தது ஒரு இரும்புக் குழாய். இரண்டு முனையும் ஒடுங்கி, நடுவில் மட்டும் ஆட்டுக்குட்டியை விழுங்கிய மலைப்பாம்பு மாதிரி உப்பியிருந்தது.

"என்னது இது?"

"பைப்."

"வண்டியில புகை போக ஏற்கெனவே ஒரு பைப் இருக்கே?"

"இது வேற பைப்."

ஆர்னி எந்த விஷயத்தையும் இதைவிட விளக்கமாகச் சொன்னதாகச் சரித்திரம் இல்லை. நல்ல மனிதன்தான். குடிவெறியில்லை, கோபமில்லை, சீட்டாட்டத்தில்கூட ஏமாற்றமாட்டான். ஆனால் வாயிலிருந்து ஒரு வாக்கியம் வெளியே வருவதற்குள் கெட்டிலில் தண்ணீர் கொதித்து ஆறிவிடும்.

அமெரிக்காவின் வடகோடியில், சுப்பீரியர் ஏரியின் தெற்குக் கரையில் இருக்கிறது அவர்கள் ஊர். நவம்பரில் விழ ஆரம்பிக்கிற பனி, ஏப்ரலில்தான் போனால் போகிறதென்று ஓயும். ஆர்னி மாவட்ட நிர்வாகத்தின் பனி வாரும் லாரியை ஓட்டுகிறவன். வெர்னா பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். விடிவதற்கு முன்னால் அவன் சாலையை வாரிக்கொண்டு முன்னே போவான். கொஞ்ச நேரம் கழித்து அவன் வாரிய தடத்தில் அவள் பஸ்ஸை ஓட்டிக்கொண்டு போவாள். பஸ்ஸில் அவள் முதுகுக்குப் பின்னால் முப்பது நாற்பது பிள்ளைகள் கத்தும், அடித்துக்கொள்ளும், வாந்தி எடுக்கும். முன்னால் கண்ணாடி முழுக்கப் பனி. இந்த வேலையை அவள் வருஷக்கணக்காக ஒரு விபத்தில்லாமல் செய்துவந்தாள், அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை, அவளும் எதிர்பார்க்கவில்லை.

அவள் எதிர்பார்த்தது வெள்ளிக்கிழமையை மட்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆர்னி, பனிமேல் சறுக்கி ஓடுகிற தன் பனிவண்டியை வாசலுக்குக் கொண்டுவருவான். வெர்னா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பின் இருக்கையில் ஏறி உட்காருவாள். தண்டவாளம் பிடுங்கிய பழைய ரயில் பாதையில், இரண்டு பக்கமும் தேவதாரு மரங்கள் பனி சுமந்து நிற்க, ஹில்மாவின் கடைக்குப் போவார்கள். அங்கே பொரித்த வெள்ளைமீன், உருளைக்கிழங்கு, கம்பு ரொட்டி, ஆளுக்கொரு பியர். திரும்பி வருவார்கள். அவ்வளவுதான். வாரம் முழுக்க முன்னால் உட்கார்ந்து ஊரார் பிள்ளைகளைச் சுமக்கிறவளை, ஒரே ஒரு சாயங்காலம் இன்னொருவர் சுமந்து போகிறார். பின்னால் சாய்மானம் உள்ள, கைப்பிடியில் சூடு வரும் அந்த இருக்கைதான் அவள் உலகத்தில் தனக்கென்று வைத்திருந்த ஒரே இடம். இதை அவள் ஆர்னியிடம் சொன்னதில்லை. சொல்லாமலே தெரியவேண்டாமா என்று நினைத்துவிட்டாள். ஆர்னியைக் கட்டிக்கொண்டு அப்படி நினைத்தது அவள் தப்பு.

பைப் வாங்கியதற்குக் காரணம் ரெய்னோ. வெர்னாவின் சொந்தத் தம்பி. பிப்ரவரிக் கடைசியில் ஏரி கல்லாக உறைந்திருக்கும்போது தீயணைப்புப் படைக்காரர்கள் ரேடார் ஓட்டம் நடத்துவார்கள். ஒவ்வொரு வண்டியாக ஏரிமேல் பறக்கவேண்டும்; போலீஸ்காரர் கையில் இருக்குமே, அந்த வேகம் பார்க்கும் துப்பாக்கியை வைத்துக்கொண்டு ஒருவர் கடைசியில் நிற்பார். அதிக வேகம் எடுத்தவர் பேரை ஒரு மரப்பலகையில் எழுதி அடுத்த வருஷம்வரை ஹில்மா கடையில் மாட்டிவைப்பார்கள். போன வருஷம் ரெய்னோ தொண்ணூற்று மூன்று மைல். ஆர்னி தொண்ணூற்று ஒன்று. பலகை மாட்டியிருந்த ஆணி, ஆர்னியும் வெர்னாவும் வழக்கமாக உட்காரும் மேஜைக்கு நேர் எதிரே இருந்தது. ஒரு வருஷமாக மச்சான் பேரைப் பார்த்துக்கொண்டே மீன் தின்றவன் வேறு என்ன செய்வான்?

பைப் மாட்டிய முதல் வெள்ளிக்கிழமை வண்டி கிளம்பியபோது பக்கத்து வீட்டு நாய் கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொண்டதாகக் கேள்வி. ரயில் பாதையில் பாதி தூரம் போவதற்குள் வெர்னாவின் காது அடைத்துவிட்டது. அந்தச் சத்தத்துக்கு ஏற்ற வேகமாவது இருந்ததா என்றால் அதுவும் இல்லை. விசையை முழுக்க அழுத்தினாலும் வண்டி மூச்சுத் திணறுகிற மாதிரி இழுத்துக்கொண்டு போனது.

ஹில்மா தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். "வாங்க வாங்க. நீங்க வீட்டுல கிளம்பும்போதே எனக்குக் கேட்டுடுச்சு. அப்பவே மீனை எண்ணெயில போட்டுட்டேன்."

கடையே சிரித்தது. ஆர்னி உருளைக்கிழங்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எவ்வளவு வேகம் காட்டுச்சு?" என்று வெர்னா கேட்டாள்.

"எண்பத்தாறு."

"முந்தி?"

"தொண்ணூத்தொண்ணு."

"காசு குடுத்து வாங்கி, கஷ்டப்பட்டு மாட்டி, வேகத்தைக் குறைச்சிருக்க."

"ம்."

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அதற்கு இதைவிடப் பொருத்தமான ஊதல் உலகத்தில் இருந்திருக்காது.

நோய் என்னவென்று கண்டுபிடித்தவன் ரெய்னோவேதான். சனிக்கிழமை சானா என்கிற நீராவிக் குளியலுக்கு வந்திருந்தான். ஆண்கள் இருவரும் வேகவைத்த நண்டு நிறத்தில் வெளியே வந்து, இடுப்பில் துண்டோடு, உடம்பெல்லாம் ஆவி பறக்கப் பனியில் நின்றுகொண்டிருந்தார்கள். வெர்னா காப்பியும் ஏலக்காய் ரொட்டியும் கொண்டுபோனாள்.

"மச்சான், தப்பு பைப்புல இல்ல. கிளட்ச்ல இருக்கு," என்றான் ரெய்னோ. "உள்ள மூணு எடைத்துண்டு இருக்கில்ல? இன்ஜின் சுத்தச் சுத்த அது வெளிய விரிஞ்சு பெல்ட்டை நெருக்கும். துண்டு கனமா இருந்தா சீக்கிரமே நெருக்கிடும். உன் பழைய பைப் ஏழாயிரத்து எண்ணூறு சுத்துலயே நல்லா இழுத்துச்சு, அதுக்கு அந்தக் கனம் சரி. இந்தப் பைப் எட்டாயிரத்து முந்நூறுக்குப் போனாத்தான் வாயைத் திறக்கும். நீ என்னடான்னா ஏழாயிரத்து எழுநூறுலயே அதோட கழுத்தைப் பிடிச்சு அமுக்குற. அப்புறம் அது எங்க பாடும்?"

"கனத்தைக் குறைக்கணும்," என்றான் ஆர்னி.

"குறைக்கணும். ஆனா அளவாக் குறைக்கணும். ரொம்பக் குறைச்சா சுத்து காட்டுற முள் எட்டாயிரத்து அறுநூறுக்கு எகிறிடும். சத்தம் வரும், இழுவை வராது."

"டேய் ரெய்னோ, இதையெல்லாம் ஏன்டா அவருக்குச் சொல்லித்தர்ற?" என்றாள் வெர்னா. "உன்னைத் தோக்கடிக்கத்தானே இந்தக் கூத்து?"

"தெரியாம தோத்தா எனக்கு என்னக்கா பெருமை?" என்று ரெய்னோ ரொட்டியில் பாதியை ஒரே வாயில் அடைத்துக்கொண்டான். "தெரிஞ்சே தோக்கட்டும்."

அன்றிலிருந்து வெர்னாவின் வீட்டில் அவளுக்குச் சொந்தமாக எதுவும் இல்லாமல் போயிற்று. மாவு நிறுக்கிற தராசு ஒன்று வைத்திருந்தாள். மின்னியாபோலிஸிலிருந்து மகள் அனுப்பியது, கிராம் சுத்தமாகக் காட்டும். ஒருநாள் பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்து பார்த்தால், தராசின் தட்டில் பிறை வடிவத்தில் மூன்று இரும்புத் துண்டுகள், பக்கத்தில் அரம், மேஜையெல்லாம் இரும்புத் தூள். ஆர்னி மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரு துண்டைக் கொஞ்சம் ராவுவான், நிறுப்பான், பெருமூச்சு விடுவான். மூன்றும் ஒரே எடையாக இருக்கவேண்டுமாம். இந்தத் துண்டில் அரை கிராம் அதிகம் போய்விட்டால் மற்ற இரண்டையும் அதற்குச் சமமாக ராவவேண்டும். அவற்றில் ஒன்று ஒரு இழை கூடிப்போனால் மறுபடி முதலிலிருந்து. கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகி, ஒரு செட்டை முழுக்கவே பாழாக்கிவிட்டு, ரெய்னோவிடமே போய் இன்னொன்று இரவல் வாங்கிவந்தான்.

"தராசைக் கழுவியாவது வை," என்றாள் வெர்னா.

"கழுவினேன்."

"எதுல?"

"பெட்ரோல்ல."

அந்த வாரம் சுட்ட ரொட்டி முழுவதும் பறவைகளுக்குப் போயிற்று. பறவைகளும் யோசித்துத்தான் தின்றன.

சாயங்காலமானால் ஏரியில் இவன் வண்டிச் சத்தம் கேட்கும். போவான், வருவான், கராஜில் மூடியைக் கழற்றுவான், ஸ்பிரிங்கை மாற்றுவான், பெல்ட் எவ்வளவு உயரம் ஏறியது என்று பார்க்க கிளட்ச் முகத்தில் கறுப்பு மையால் கோடு இழுப்பான். அந்த மை கையில் ஒட்டும், கையிலிருந்து குளியலறைத் துண்டுக்குப் போகும். வெள்ளிக்கிழமை வந்தால், "வண்டி பிரிச்சுக் கிடக்கே" என்பான். முதல் வெள்ளி பொறுத்தாள். இரண்டாவது வெள்ளி பொறுத்தாள். மூன்றாவது வெள்ளி அவளே உருளைக்கிழங்கு வேகவைத்து, டப்பாவில் இருந்த மீனைத் திறந்து தட்டில் போட்டுக்கொண்டு, தொலைக்காட்சிக்கு முன்னால் தனியாக உட்கார்ந்தாள்.

அப்போதுகூட அவளுக்குக் கோபம்தான் இருந்தது, வருத்தம் இல்லை. வருத்தம் மறுநாள் வந்தது. காரை எடுக்கக் கராஜுக்குப் போனவள், சுவரில் தோட்டத்துக் குழாய்க்குப் பக்கத்தில் ஆணியில் எதுவோ தொங்குவதைப் பார்த்தாள். சாய்மானத்தோடு, சூட்டுக் கம்பி அறுந்து தொங்க, அவளுடைய இருக்கை.

வண்டிக்குக் கீழே படுத்திருந்தான் ஆர்னி. பூட்ஸ் மட்டும் தெரிந்தது. அந்தப் பூட்ஸிடம்தான் பேசினாள்.

"என் சீட்டு ஏன் சுவத்துல தொங்குது?"

"கனம் குறையும்னு."

"என்ன கனம்?"

"பத்துப் பன்னெண்டு பவுண்டு வரும்."

"ஆர்னி, வெளிய வா."

பூட்ஸ் அசையவில்லை.

"முப்பது வருஷமா உனக்குப் பொங்கிப் போட்டு, உன் கிரீஸ் துணியைத் துவைச்சு, உங்க அம்மாவைக் கடைசிவரைக்கும் பாத்துக்கிட்டவ நான். அந்தக் கனமெல்லாம் உனக்குத் தெரியல. நான் உக்கார்ற பஞ்சு மெத்தை உனக்குக் கனமாப் போச்சா? நல்லாக் கேட்டுக்க. ரேடார் ஓட்டம் முடிஞ்ச மறுநாள் அந்தச் சீட்டு அது இருந்த இடத்துல இருக்கணும். இல்லைன்னா இந்த ஜென்மத்துல உன் வண்டியில நான் ஏறமாட்டேன். ஹில்மா கடைக்கு நீ உன் பைப்போட போய் மீன் தின்னு."

"சரி," என்றன பூட்ஸ்.

அந்த 'சரி'யில் அவளுக்கு நம்பிக்கையில்லை. கூரை ஒழுகுவதைப் பற்றிக் கேட்டாலும் அதே 'சரி'தான், கூரை ஒழுகிக்கொண்டுதான் இருந்தது. காரில் உட்கார்ந்து சாவியைத் திருகாமல் கொஞ்ச நேரம் அழுதாள்.

இதற்கு நடுவில் ஆர்னி செத்துப்போகப் பார்த்தான். விசையை முழுக்க அழுத்தி ஏரிமேல் பறக்கும்போது சுற்று காட்டும் முள் எங்கே நிற்கிறது என்று பார்க்கவேண்டும். முள்ளைப் பார்த்தால் ஏரியைப் பார்க்க முடியாது. அப்படிக் குனிந்து முள்ளைப் பார்த்தவன் நிமிர்ந்தபோது எதிரே யாரோ தூண்டில் போடக் கட்டியிருந்த மரக்குடில். கடைசி நொடியில் ஒடித்துத் திருப்பி, குடிலைத் தவறவிட்டு, தூண்டில் இரைக்கு வைத்திருந்த குஞ்சுமீன் வாளியின்மேல் ஏற்றிவிட்டான். அந்தக் குடில்காரர் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். பஸ்ஸில் பிள்ளைகள்கூட வெர்னாவிடம் கேட்டார்கள்.

அன்றிரவு சாப்பிடும்போது, "உனக்கு முள்ளைப் பார்க்க ஆள் வேணும்," என்றாள்.

"ரெய்னோவைக் கேக்க முடியாதே."

"ரெய்னோவை யார் சொன்னா? நான் பாக்கறேன். நீ செத்தா நான் போட்டுக்க ஒரு கறுப்பு கவுன் தைக்கிற செலவாவது மிச்சம். ஆனா வெறும் தகரத்துமேல உக்காரமாட்டேன். சீட்டை மாட்டு."

ஆர்னி மாட்டினான். நாலு போல்ட் போட்டு முறுக்கவேண்டிய இடத்தில் இரண்டே போல்ட். சோதனைக்குத்தானே என்பது அவன் கணக்கு. வெர்னாவுக்கு அது தெரிந்தது, ஒவ்வொரு குழியிலும் இருக்கை ஆடியது.

அந்தப் பைப் சத்தத்தில் வாயால் சொல்லி எதுவும் கேட்காது. அதனால் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். முள் குறைவாக நின்றால் முதுகில் ஒரு குத்து. அதிகமாகப் போனால் இரண்டு குத்து. சரியாக எட்டாயிரத்து முந்நூறில் நின்றால் உள்ளங்கையை முதுகில் பதித்து அப்படியே வைக்கவேண்டும். அடுத்த நாலு வாரக்கடைசியும் ஏரியில் போனார்கள், வந்தார்கள். வெர்னா அவன் தோளுக்குமேல் எட்டிப் பார்த்துக் குத்தினாள். பெரும்பாலும் ஒரு குத்துத்தான் தேவைப்பட்டது, ஆனால் மனத்தில் இருந்ததையெல்லாம் சேர்த்துக் குத்தினாள். தராசு விஷயத்துக்கு ஒன்று, மை ஒட்டிய குளியலறைத் துண்டுக்கு ஒன்று. ஆர்னி ஒவ்வொரு முறையும் கராஜுக்குத் திரும்பி, கால் கிராம், அரை கிராம் என்று ராவினான்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை மதியம் முள் ஏழாயிரத்து எண்ணூறைத் தாண்டி, எட்டாயிரத்தைத் தாண்டி, எட்டாயிரத்து முந்நூறில் போய் ஆணி அடித்த மாதிரி நின்றது. சத்தமே மாறிப்போயிற்று. வண்டி காலுக்கடியில் பிடுங்கிக்கொண்டு ஓடியது. வெர்னா கையுறைக் கையை அவன் முதுகில் பதித்தாள். மறுகரைவரை எடுக்கவே இல்லை. இறங்கியபோது இரண்டு பேருக்கும் புருவத்தில் பனி கட்டியிருந்தது, இரண்டு பேரும் அசட்டுத்தனமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

இதற்கப்புறம் என்ன செய்யவேண்டும்? யாராக இருந்தாலும் எதையும் தொடாமல் அப்படியே விட்டிருப்பார்கள். ரேடார் ஓட்டத்தன்று காலை வெர்னா காப்பிக் குடுவையோடு வெளியே வந்தபோது, பிக்கப் வண்டியின் பின்பக்கம் பனிவண்டி ஏற்றியிருந்தது. பக்கத்தில், மண்வாரிக்கும் கயிற்றுக்கும் நடுவே, அவளுடைய இருக்கை கவிழ்ந்து கிடந்தது. கழற்றிவிட்டிருந்தான்.

அவள் குடுவையோடு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். ஏரிவரை ஒரு வார்த்தை பேசவில்லை. ஆர்னி அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை. பேசாமல் இருப்பது அவனுக்கு இயல்பான நிலை.

ஏரியில் ஊரே கூடியிருந்தது. தொட்டியில் விறகு எரிந்தது, ஒருத்தி இறைச்சியும் உருளைக்கிழங்கும் அடைத்துச் சுட்ட பாஸ்டி விற்றுக்கொண்டிருந்தாள். ரெய்னோ முதலிலேயே ஓட்டி, தொண்ணூற்றைந்து எடுத்துவிட்டு, தொப்பியைப் பின்பக்கம் தள்ளிக்கொண்டு நின்றான். தீயணைப்புப் படைத் தலைவர் கிளிஃப் ஒலிபெருக்கியில் பேரைக் கூப்பிட்டார். ஆர்னி கிளம்பினான். பைப் அலறிய அலறலில் எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"எண்பத்தேழு," என்றது ஒலிபெருக்கி.

கூட்டம் காதிலிருந்து கையை எடுத்தது. அப்புறம் யாரோ, "சத்தம் மட்டும் நூத்தியிருபது!" என்றான்.

ஆர்னி திரும்பி வந்து இறங்கினான். வண்டியின் மூடியைத் திறந்ததும் ஊரில் இருந்த அத்தனை வைத்தியர்களும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். பெல்ட் சூடாகவில்லை என்றான் ஒருவன். பெட்ரோல் தண்ணீர் கலந்தது என்றான் இன்னொருவன். பனியில் பிடிப்பில்லை என்றான் மூன்றாமவன், அவனுக்குச் சொந்தமாக வண்டியே கிடையாது.

"முள் எங்க போச்சு மச்சான்?" என்றான் ரெய்னோ.

"எட்டாயிரத்து அறுநூறு."

"அப்ப ரொம்ப ராவிட்ட."

"போன ஞாயித்துக்கிழமை முந்நூறுல நின்னுச்சே. அதுக்கப்புறம் நான் கிளட்ச்சைத் தொடல."

"அப்ப ஞாயித்துக்கிழமைக்கும் இன்னிக்கும் என்ன வித்தியாசம்?"

வெர்னா மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். எட்டாயிரத்து அறுநூறு என்ற வார்த்தை காதில் விழுந்தபோதே அவளுக்குப் புரிந்துவிட்டது. இதற்குப் பெரிய மூளை வேண்டியதில்லை. அவள் உடம்புக் கனத்தை இழுக்கும்போது முந்நூறில் நிற்கும்படி ராவிய கிளட்ச், அந்தக் கனம் இல்லாவிட்டால் எகிறத்தான் செய்யும். ஆனால் அவள் வாயைத் திறக்கவில்லை. முட்டிக்கொள்ளட்டும் என்று இன்னொரு மிடறு குடித்தாள்.

ஆர்னி மெதுவாகத் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். அவன் பார்த்த திசையில் ரெய்னோ பார்த்தான். அப்புறம் மொத்தக் கூட்டமும் பார்த்தது.

"அட கடவுளே," என்று ரெய்னோ பனியிலேயே உட்கார்ந்துவிட்டான். "அக்காவை வெச்சு டியூன் பண்ணியிருக்கான்யா!"

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. கிளிஃப் ஒலிபெருக்கியில், "ஆளுக்கு ரெண்டு ஓட்டம், ஆர்னி, உனக்கு இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு," என்றார். இப்போது போய் எடைத்துண்டை மாற்ற முடியாது, ராவிய இரும்பு திரும்ப வளராது.

ரெய்னோ எழுந்து பனியைத் தட்டிக்கொண்டான். கெட்டவன் இல்லை. "மச்சான், என் லாரியில மணல் மூட்டை இருக்கு. மூணை எடுத்துப் பின்னால கட்டு. மூட்டைக்கும் மனுஷங்களுக்கும் கிளட்ச்சுக்கு வித்தியாசம் தெரியாது. முள் சரியா நிக்கும்."

எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். குளிர்காலத்தில் லாரி வழுக்காமலிருக்க எல்லாரும் பின்னால் போட்டுவைக்கிற மூட்டைதான். நியாயமான யோசனை. அதுதான் வெர்னாவுக்குத் தாங்கவில்லை. ஆர்னி ரெய்னோவின் லாரியை நோக்கி நடப்பதை அவள் பார்த்தாள். கையிலிருந்த காப்பி ஆறிவிட்டது. நாலு வாரம் முள்ளைப் பார்த்தவளுக்குப் பதிலாக மணல் மூட்டை. போகட்டும், நாளைக்கு அந்த இருக்கையைத் தானே எடுத்துக் குப்பைமேட்டில் போட்டுவிடுவது, காரில் போய்த் தனியாக மீன் தின்பது என்று முடிவே செய்துவிட்டாள்.

ஆர்னி ஒரு மூட்டையைத் தூக்கினான். தோளில் வைத்துக்கொண்டு நின்றான். ஏதோ யோசித்தான். அவன் யோசிப்பது தூரத்திலிருந்தே தெரியும், தாடை ஆடும். பிறகு மூட்டையைத் திரும்ப லாரியிலேயே வைத்துவிட்டு, தன் பிக்கப்புக்குப் போனான். கவிழ்ந்து கிடந்த இருக்கையை எடுத்து, மேலே படிந்திருந்த பனியைக் கைக்குட்டையால் துடைத்தான். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஊர் முழுக்கப் பார்த்திருக்க, ஏரிமேல் நடந்து அவள் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றான்.

"மணல் மூட்டைக்கு முள்ளைப் பாக்கத் தெரியாது," என்றான்.

"அப்ப உனக்கு வேண்டியது முள்ளைப் பாக்க ஆள். அங்க பாரு, ஊரே நிக்குது. யாரையாவது கூப்பிட்டுக்க."

ஆர்னியின் தாடை ஆடியது. வெர்னா உதவவில்லை. முப்பது வருஷமாக அவன் ஆரம்பித்த வாக்கியங்களையெல்லாம் அவள்தான் முடித்துவைத்திருந்தாள். இன்றைக்கு முடியாது.

"நீ பின்னால இல்லாம எனக்கு வண்டி ஓட மாட்டேங்குது, வெர்னா," என்றான். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டான். "வண்டிக்கு மட்டும் இல்ல."

யாரும் சிரிக்கவில்லை. ரெய்னோகூடத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் பார்த்தான். வெர்னா காப்பியைப் பனியில் வைத்துவிட்டு எழுந்தாள். அதற்காக விட்டுக்கொடுத்துவிட முடியுமா?

"நாலு போல்ட்டும் போடு," என்றாள்.

அவன் குனிந்து நாலு போல்ட்டையும் போட்டு முறுக்கினான். அவள் கிட்டே நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அறுந்த சூட்டுக் கம்பியையும் சுட்டிக்காட்டினாள். "அது நாளைக்கு," என்றான். சரி, அது நாளைக்கு.

"ஒரு வண்டியில ரெண்டு பேர் போலாமா?" என்று யாரோ கேட்டதற்கு, "துப்பாக்கி வேகத்தைத்தான் பாக்கும், தலையை எண்ணாது," என்று கிளிஃப் தீர்ப்புச் சொன்னார்.

வெர்னா ஏறி உட்கார்ந்தாள். வண்டி அலறிக்கொண்டு பாய்ந்தது. தோளுக்குமேல் எட்டிப் பார்த்தாள். ஏழாயிரம், எட்டாயிரம், முந்நூறு. முள் நின்றது. அவள் உள்ளங்கையை அவன் முதுகில் பதித்தாள். இன்றைக்கு ஒரு குத்துக்கூட விடவேண்டியிருக்கவில்லை, அது ஒன்றுதான் குறை.

"தொண்ணூத்தி நாலு!"

ரெய்னோவுக்கு ஒரு மைல் குறைவு. பலகையில் இந்த வருஷமும் ரெய்னோ பேர்தான். ஆனால் அவனுக்கு அதை அனுபவிக்கக் கொடுத்துவைக்கவில்லை. "ரெண்டு பேர் உக்காந்து தொண்ணூத்தி நாலு, நீ ஒத்தை ஆளா தொண்ணூத்தஞ்சு, உனக்கு வெக்கமா இல்லையா?" என்று அன்றெல்லாம் ஊர் அவனைப் பிய்த்து எடுத்துவிட்டது. "அடுத்த வருஷம் நானும் என் பொண்டாட்டியை ஏத்துறேன்," என்றான். அவன் பெண்டாட்டி, ஏறினால்தானே என்றாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆர்னி வண்டியை வாசலுக்குக் கொண்டுவந்தான். இருக்கையின் கைப்பிடி சூடாக இருந்தது. ரயில் பாதை நெடுக அந்தப் பாழாய்ப்போன பைப் கத்திக்கொண்டே வந்தது. வெர்னா காதில் பஞ்சை வைத்துக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தாள். ஹில்மா மீனை முன்கூட்டியே பொரித்துவைத்திருந்தாள்.

வெர்னாவுக்கு அன்று பசி அவ்வளவாக இல்லை. பாதி உருளைக்கிழங்கையும் ஒரு துண்டு மீனையும் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினாள். ஆர்னி அந்தத் தட்டைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான். விரலால் தட்டை மெதுவாக அவள் பக்கமே திருப்பி நகர்த்தினான்.

"முழுசாச் சாப்பிடு," என்றான். "நீ இளைச்சா நான் மறுபடியும் கிளட்ச்சைப் பிரிக்கணும்."

இந்த மனுஷனை என்ன செய்வது என்று வெர்னாவுக்குத் தெரியவில்லை. தட்டை இழுத்துக்கொண்டு சாப்பிட்டாள்.